வியாசரின் நெப்டியூனும் கேத்கரின் பிரம்மாவும்

புனேவின் வடக்கு விளிம்பில், முளா ஆற்றையொட்டி இருக்கிற கன்டோன்மென்ட் ஊர் கட்கி. 1817 நவம்பர் 5 அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படை ஆங்கிலேயரிடம் தோற்றது இங்கேதான். பேஷ்வா தொலைவில் பார்வதி மலைமேல் நின்று சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். வென்றவர்கள் 1869-இல் இங்கே ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையைக் கட்டினார்கள். அந்தத் தொழிற்சாலை வேலையையும் ராணுவ வேலையையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் கட்கி பஜாரைச் சுற்றி இன்றும் இருக்கின்றன. மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வாசலில் மராத்தியும் பேசுகிறார்கள்.

என் மாமாவும் அப்படி வந்தவர்தான். வேலூர்ப் பக்கத்திலிருந்து சிறு வயதில் வந்து, மராத்திப் பள்ளியில் படித்து, தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். வாழ்நாள் முழுக்க உலோகத் துண்டுகளை கேஜ் வைத்து அளந்து, தேறியது இந்தப் பக்கம், தேறாதது அந்தப் பக்கம் என்று பிரித்துப் போட்ட கை. அவர் வீட்டில் தங்கியிருந்தபோது, இரவுச் சாப்பாட்டுக்கு நடுவில், சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: “வியாசருக்கு நெப்டியூன் தெரிஞ்சிருக்கு மாப்ள. புளூட்டோவும் தெரிஞ்சிருக்கு. நம்ம ஊர் டாக்டர் ஒருத்தர் கணக்குப் போட்டு நிரூபிச்சிருக்காரு.”

நம்ம ஊர் என்று அவர் சொன்னது புனேவை. அந்த டாக்டர் பத்மாகர் விஷ்ணு வர்தக். மருத்துவர். ராமாயண, மகாபாரத நிகழ்வுகளுக்கு வானியல் கணக்கு வைத்து நாள் குறித்தவர். பாரதப் போர் கி.மு. 5561 அக்டோபர் 16-இல் தொடங்கியது என்பது அவர் கண்ட முடிவு. பீஷ்ம பருவத்தின் தொடக்கத்தில் வியாசர் திருதராட்டிரனிடம் வானத்து நிலையைச் சொல்கிற இடத்தில் சுவேதன், சியாமன், தீவிரன் என்று வழக்கமான ஒன்பதில் அடங்காத பெயர்கள் சில வருகின்றன. இவைதாம் யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ என்றார் வர்தக். தன் தேதிக்குப் பின்னோக்கிக் கணக்கிட்டால் மூன்றும் வியாசர் சொன்ன நட்சத்திரங்களிலேயே வந்து நிற்கின்றன என்பது வாதம். யுரேனஸை வில்லியம் ஹெர்ஷல் கண்டது 1781-இல், நெப்டியூன் 1846, புளூட்டோ 1930. ஏழாயிரம் ஆண்டு முந்திவிட்டோம் என்றால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? மாமாவுக்கும் நிமிர்ந்திருந்தது.

நான் போனது ஜூலையில். மழைக்காலத்துப் புனேயில் இரவு வானம் என்று ஒன்று கிடையாது. சாம்பல் நிறக் கூரைதான். மறைந்த கோள்களைப் பற்றி விவாதிக்க இதைவிடத் தோதான பருவம் இல்லை. இரண்டு தரப்பும் எதையும் காட்ட வேண்டியதில்லை.

கட்கியிலிருந்து கணேஷ்கிண்ட் பக்கம் ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். ஆங்கிலேயக் கவர்னரின் மாளிகையாக இருந்து பல்கலைக்கழகமாக மாறிய பெரிய வளாகம். அதற்குள் ரேடியோ வானியலாளர்களின் தேசிய மையமும், ஐயூகா என்று எல்லோரும் சொல்கிற பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வானியல் மையமும் இருக்கின்றன. ரேடியோ மையத்தைக் கட்டியெழுப்பிய கோவிந்த் ஸ்வரூப் நமக்கு அந்நியர் இல்லை. ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரையில், மலைச்சரிவின் சாய்வையே பயன்படுத்தி 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை நிறுவியவர் அவர். பிறகுதான் இங்கே வந்து, நாராயண்காவ் அருகே கோடதில் 45 மீட்டர் அகலக் கிண்ணங்கள் முப்பதைப் பரப்பினார்.

ஐயூகாவின் கட்டடங்களை வரைந்தவர் சார்ல்ஸ் கொரியா. நடுவில் கோயில் குளத்தைப்போல் படியிறங்கும் ஒரு முற்றம். அங்கே நான்கு பேர் சிலையாக இருக்கிறார்கள்: கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன், நான்காவதாக ஆரியபட்டர். மாமா நேரே ஆரியபட்டரிடம் போனார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, “பாத்தியா, இவருக்கும் எடம் குடுத்திருக்காங்க” என்றார்.

குடுக்காமல் எப்படி? ஆனால் எதற்காகக் குடுத்தார்கள் என்பதில்தான் எனக்கும் மாமாவுக்கும் வழி பிரிந்தது. ராகு என்கிற பாம்பு விழுங்குவதால் கிரகணம் வருகிறது என்று ஊரே நம்பியபோது, சந்திரன் சூரியனை மறைக்கிறது, பூமியின் நிழல் சந்திரனை மறைக்கிறது, அவ்வளவுதான் என்று கி.பி. 499-இல் எழுதியவர் ஆரியபட்டர். அவருக்குப் பின்னால் வந்த பிரம்மகுப்தர், கணக்கில் சளைக்காதவர், இதற்காகவே அவரைக் கண்டித்தார். வேதமும் ஸ்மிருதியும் ராகுவைச் சொல்லும்போது இல்லையென்று எப்படிச் சொல்லலாம் என்று. நம் பழைய வானியலுக்குள்ளேயே நம்பிக்கையும் சந்தேகமும் முட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கோள்கள் என்று பார்த்தால் நம்மிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. திருநாகேஸ்வரத்தில் ஒன்றுக்குப் பாலபிஷேகம். கீழப்பெரும்பள்ளத்தில் மற்றதற்குக் கோயில். சூரியன் போகும் பாதையும் சந்திரன் போகும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள் அவை. அங்கே பொருள் எதுவும் கிடையாது. எதிரெதிரே நின்று, மற்றவை போகும் திசைக்கு எதிராக நகர்ந்து, 18.6 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கும். ராசிக்கு ஒன்றரை வருஷம் என்று ராகு கேது பெயர்ச்சி வருவது அதனால்தான். எதுவுமே இல்லாத இடத்தை இவ்வளவு துல்லியமாகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள் என்பது நெப்டியூனைப் பார்த்ததாகச் சொல்வதைவிட எனக்குப் பெரிய ஆச்சரியம். அதற்கு யாரும் மாலை போடுவதில்லை.

அந்தக் கணக்கின் வலு என்ன என்பதற்குத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்தே சாட்சி இருக்கிறது. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து வந்த லெ ஜாந்தீல் 1769-இல் புதுச்சேரியில் காத்திருந்தார். அன்றைக்கென்று மேகம் மூடி ஏமாற்றியது. ஆனால் அங்கே அவர் ஒரு தமிழ்க் கணக்கரிடம் கிரகணக் கணக்குக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளத்தில் தமிழ் முறையின் பிழை 41 விநாடி. ஐரோப்பாவின் சிறந்த பட்டியல் என்று பெயர் வாங்கிய தோபியாஸ் மயரின் கணக்கில் பிழை 68 விநாடி. 1825-இல் ஜான் வாரன் புதுச்சேரியில் இன்னொரு பஞ்சாங்கக்காரரைப் பார்த்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்லி, எழுதாமலே ஒரு கிரகணத்தைக் கணித்தார். தொடக்கம் 4 நிமிடம் பிசகியது. நடுப்பகுதி 23 நிமிடம், முடிவு 52 நிமிடம்.

இந்த இரண்டு சம்பவத்தில் முதலாவதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது நம் பெருமிதக்காரர்களின் வழக்கம். இரண்டாவதை மட்டும் சொல்வது ஏளனக்காரர்களின் வழக்கம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் தெரிவார். அசாத்தியமான ஞாபகம், அழகான முறை, பல நூற்றாண்டாக வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாத எண்கள். திருத்தியாக வேண்டும் என்று நினைத்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒரு மாறுவிண்மீனைக் கண்டறிந்தவர், தொலைநோக்கியில் தெரிவதோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். பழைய வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருத்திய திருக்கணிதத்துக்கும் நடக்கும் சண்டை இன்னும் தீரவில்லை. திருக்கணிதப்படி சனிப் பெயர்ச்சி 2025 மார்ச் 29 என்று ஊரெல்லாம் பரபரத்தபோது, நாங்கள் வாக்கியம், எங்களுக்கு 2026-இல்தான் என்று திருநள்ளாறு அறிவித்தது. சனி எந்தப் பஞ்சாங்கத்தைப் படித்துவிட்டு நகர்ந்ததோ!

ஐயூகாவை 1988-இல் தொடங்கி நடத்தியவர் ஜயந்த் நார்லிகர். 2025 மே மாதம் காலமானார். பல்கலைக்கழகங்களில் ஜோதிடப் பாடம் வைக்கலாம் என்று 2001-இல் யுஜிசி முடிவெடுத்தபோது கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர். எதிர்த்ததோடு நிற்காமல் சோதனையும் செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். புள்ளியியல் பேராசிரியர் சுதாகர் குண்டே, ஜோதிடம் பயின்று பிறகு அதை விமர்சித்த பிரகாஷ் காட்பாண்டே, மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தின் நரேந்திர தாபோல்கர் ஆகியோருடன் சேர்ந்து, நன்றாகப் படிக்கும் 100 பிள்ளைகள், அறிவு வளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள் ஆகியோரின் பிறந்த விவரங்களைத் திரட்டினார்கள். யார் எந்த வகை என்பதை ஜாதகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆளுக்கு நாற்பது ஜாதகம். 51 ஜோதிடர்கள் வாங்கிக்கொண்டார்கள். 27 பேர் பதில் அனுப்பினார்கள். காசைச் சுண்டிப் போட்டாலே இருபது சரியாக வரும். அவர்களின் சராசரி பதினேழு சொச்சம். அதிகபட்சம் வாங்கியவருக்கு 24.

மாமா இதைக் கேட்டு வெகுநேரம் பேசவில்லை. ஜோதிடத்தை விட்டுக்கொடுக்க அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. பெண்ணின் கல்யாணத்துக்குப் பார்த்த பத்துப் பொருத்தம் பத்தும் பொய்த்த அனுபவம் இருந்தது. “அது வேற, இது வேற” என்றார். வியாசர் விஷயம் ஜோதிடம் இல்லை, விஞ்ஞானம் என்பது அவர் கட்சி.

சரி, வியாசரிடமே போவோம் என்று லா காலேஜ் சாலைக்குப் போனோம். 1917-இல் தொடங்கிய பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் அங்கே இருக்கிறது. பழைய கல் கட்டடம், மழையில் நனைந்த மரங்கள், சுவடி வாசனை. மகாபாரதத்தின் செம்பதிப்பு இங்கேதான் உருவானது. காஷ்மீரச் சாரதா எழுத்து முதல் நம் கிரந்த எழுத்து வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளை வரிவரியாக ஒப்பிட்டு, 1919-இல் ஆரம்பித்து 1966-இல் முடித்தார்கள். பீஷ்ம பருவத்தைப் பதிப்பித்தவர் பெல்வால்கர். வெளிவந்தது 1947-இல்.

அந்தப் பகுதியை முழுதாகப் படித்தால் கிடைக்கும் படம் வேறு. அது துர்நிமித்தங்களின் பட்டியல். பசு வயிற்றில் கழுதை பிறக்கிறது. கோயில் சிலைகள் சிரிக்கின்றன, நடுங்குகின்றன, ரத்தம் கக்குகின்றன. அந்த வரிசையில்தான் கோள்களும் வருகின்றன. வர்தக் நெப்டியூன் என்று சொன்ன சியாமன் கேட்டையில் புகையோடும் நெருப்போடும் கொழுந்துவிட்டு எரிவதாக வியாசர் வர்ணிக்கிறார். நெப்டியூன் வெறுங்கண்ணுக்கு எட்டவே எட்டாத ஒளி. புகையோடு எரிகிறது என்றால் அது வால்வெள்ளியாக இருக்கலாம், கவிஞனின் பயமுறுத்தலாகவும் இருக்கலாம். யுரேனஸுக்கு மட்டும் கொஞ்சம் இடம் விடலாம். நல்ல இருட்டில் கூர்மையான கண்ணுக்கு அது மங்கலாகத் தெரியும். 1690-இலேயே பிளாம்ஸ்டீட் அதை நட்சத்திரம் என்று நினைத்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். ஆனால் புளூட்டோவுக்கு எந்தக் கண்ணும் போதாது.

அருந்ததி வாதமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கல்யாணத்தில் அம்மி மிதித்தபின் காட்டுகிற அதே அருந்ததி. அவள் வசிஷ்டரை முந்திக்கொண்டு நடக்கிறாள் என்று வியாசர் சொல்கிறார். நீலேஷ் ஓக் 2011-இல் எழுதிய நூலில் இதைப் பிடித்துக்கொண்டு, கி.மு. 11091 முதல் கி.மு. 4508 வரை வானத்தில் அது உண்மையிலேயே நடந்தது, ஆகவே வர்தக்கின் 5561 சரி என்றார். கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறாயிரம் வருஷத்துக்கு மேல் அவள் முன்னால்தான் நடந்துகொண்டிருந்தாள் என்றால், ஐயாயிரம் வருஷம் கழித்து வியாசர் திடுக்கிட்டு அதைப் போர்க்காலத்துத் துர்நிமித்தமாக ஏன் சொல்ல வேண்டும்? தினமும் கிழக்கே உதிக்கிற சூரியனை யாராவது அபசகுனம் என்பார்களா?

வர்தக்கின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தியானத்தில் 1975-இல் செவ்வாய்க் கிரகத்துக்கே போய் வந்ததாக எழுதியவர் அவர். அந்த உற்சாகத்துக்கு முன்னால் வாதம் செய்து என்ன ஆகப்போகிறது. ஆனால் கழுதையை உவமை என்றும் சியாமனை உண்மை என்றும் எந்த அளவுகோலால் பிரித்தார் என்பதை மட்டும் கேட்கலாம். மாமாவிடம் கேட்டேன். நிறுவனத்துத் தாழ்வாரத்தில் குடையை மடக்கிக்கொண்டே யோசித்தார். “எங்க பிரிவுல ஒரு கேஜ் வந்தா மொதல்ல கெட்ட பீஸைத்தான் போட்டுப் பாப்போம். கெட்டதும் உள்ள போச்சுன்னா கேஜையே தூக்கிப் போட்ருவோம்” என்றார். சொன்ன பிறகுதான் எங்கே போய் முட்டுகிறது என்று அவருக்கே தெரிந்தது. “டீ சாப்பிடலாம் வா” என்று நடந்துவிட்டார்.

சிவாஜிநகரில் பழைய பொறியியல் கல்லூரிக்கு எதிரே இருந்தது டீக்கடை. அங்கே அவருக்கு ஆறுதலாக ஒரு கதை சொன்னேன். 1888-இல் இந்தக் கல்லூரியில் காவஸ்ஜி நய்கம்வாலா என்கிற பார்சிப் பேராசிரியர் ஒரு வானாய்வகம் அமைத்தார். பாவ்நகர் மன்னர் தக்தசிங்ஜி பணம் கொடுத்தார். இருபது அங்குலத் தொலைநோக்கி. அன்றைய இந்தியாவில் அதுதான் பெரிது. 1912-இல் நய்கம்வாலா ஓய்வுபெற்றதும் ஆய்வகத்தை மூடி, கருவியைக் கொடைக்கானலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு ஓராண்டு முன்பு, 1911-இல், பிரெஞ்சு வானியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் வேங்கடேஷ் பாபூஜி கேத்கர். பம்பாய் மாகாணத்தில் பாகல்கோட், பீஜாப்பூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியர். நம் ரகுநாதாச்சாரியின் ஜாதி, அதாவது பஞ்சாங்கத்தைத் திருத்துகிற ஜாதி. ஜோதிர்கணிதம் என்று சமஸ்கிருதத்தில் நவீன எண்களை வைத்து நூல் செய்தவர். நெப்டியூனுக்கு அப்பால் இரண்டு கோள்கள் இருக்க வேண்டும் என்றார். வியாழனின் நிலாக்கள் ஒன்றுக்கொன்று தாளம் தப்பாமல் சுற்றுவதைப்போல வெளிக் கோள்களும் சுற்றுகின்றன என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டார். முதலாவதற்குப் பிரம்மா, இரண்டாவதற்கு விஷ்ணு என்று பெயரும் வைத்தார். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல 38.95 மடங்கு தொலைவில், 242.28 ஆண்டுக்கு ஒரு சுற்று என்று பிரம்மாவுக்கு எண் கொடுத்தார். 1930-இல் புளூட்டோ கிடைத்தது. தொலைவு 39.5 மடங்கு, சுற்று 248 ஆண்டு. கேத்கர் அதே வருஷம் இறந்துபோனார்.

மாமாவின் முகம் மலர்ந்தது. “அப்ப நம்மாளு ஜெயிச்சிட்டாரு!”

அங்கேதான் கதை திரும்புகிறது. 1978-இல் புளூட்டோவின் நிலா கண்டுபிடிக்கப்பட்டபின் அதன் எடை தெரிந்தது. பூமியில் நானூறில் ஒரு பங்குகூட இல்லாத பொடி. யுரேனஸின் பாதை சரியாக வரவில்லை, யாரோ வெளியிலிருந்து இழுக்கிறார்கள் என்று நம்பித்தான் அமெரிக்காவில் பெர்சிவல் லோவெல் தேடினார். அவர் ஆய்வகத்தில்தான் புளூட்டோவும் கிடைத்தது. இந்தப் பொடியால் யாரையும் இழுக்க முடியாது. வாயேஜர் 2 நெப்டியூனை 1989-இல் கடந்து அதன் எடையைச் சரியாகச் சொன்னதும், இழுப்பு என்று நினைத்ததே காணாமல் போனது. லோவெலுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். கேத்கரின் தாளமும் பலிக்கவில்லை. 59 மடங்கு தொலைவில் அவர் வைத்த விஷ்ணு வரவேயில்லை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காகிதத்தில் கணக்கிட்டே நெப்டியூன் இருக்கும் இடத்தைச் சொன்ன லெ வெர்ரியே, அதே முறையில் புதனுக்கு உள்ளே வல்கன் என்று இன்னொரு கோள் இருக்கிறது என்று 1859-இல் சொல்லி ஏமாந்தார். புதனின் பாதையைச் சரிசெய்ய 1915-இல் ஐன்ஸ்டைன் வர வேண்டியிருந்தது. 2016-இலிருந்து கலிபோர்னியாவில் இரண்டு பேர் ஒன்பதாவது கோள் ஒன்று தொலைவில் ஒளிந்திருக்கிறது என்கிறார்கள். தேடுகிறார்கள், இன்னும் கிடைக்கவில்லை. கேத்கர் தோற்கக்கூடிய எண்ணைக் கொடுத்தார். பாதி ஜெயித்தார், பாதி தோற்றார். 5561-க்கு அந்த ஆபத்தே கிடையாது.

அங்கிருந்து பழைய பேட்டைகளுக்குப் போகும் வழியில் ஓம்காரேஷ்வர் கோயிலை ஒட்டி ஆற்றுப் பாலம். 2013 ஆகஸ்ட் 20 காலையில் நடைப்பயிற்சிக்கு வந்த தாபோல்கரை இந்தப் பாலத்தில் சுட்டுக் கொன்றார்கள். அவரும் வர்தக்கைப்போல மருத்துவம் படித்தவர்தான். சுட்ட இருவருக்கு 2024-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. பாலத்தில் வண்டிகள் நெரிசலாகப் போய்க்கொண்டிருந்தன. மாமா கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் எதிர்க்கட்சிதான், ஆனாலும் நின்றார்.

அப்பா பல்வந்த் சௌக்கில் புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பள்ளிப் பாடநூலுக்கு நிற்கும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமா ஒரு தாதே பஞ்சாங்கம் வாங்கினார். புரட்டினால் சூரியன் முதல் கேது வரை ஒன்பது. அதற்குப் பிறகு ஹர்ஷல், நெப்டியூன், புளூட்டோ. மகாராஷ்டிரத்து ஜோதிடர்கள் யுரேனஸை ஹர்ஷல் என்றுதான் சொல்வார்கள், கண்டுபிடித்தவரின் பெயராலேயே. வெள்ளைக்காரனிடம் கடன் வாங்கியதைப் பஞ்சாங்கம் மறைக்கவில்லை. மறைப்பவர்கள் விஞ்ஞானம் பேசுகிறவர்கள்.

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெப்டியூன் கட்டத்தில் விரலை வைத்தார். மீனத்தில், உத்திரட்டாதிக்குள் இருந்தது.

“இப்ப பாத்தா தெரியுமா?”

“மழை மேகம் விடாது. தசரா, தீபாவளி சமயத்துல வானம் திறந்தா, நல்ல பைனாகுலர் இருந்தா தெரியும். புள்ளிதான். பஞ்சாங்கம் சொல்ற இடத்துல இருக்கணும்.”

“எவ்ளோ பெரிய பைனாகுலர்?”

“பத்துக்கு அம்பது போதும்.”

பேருந்து நிறுத்தம் வரைக்கும் பேசாமல் வந்தவர், ஏறுவதற்கு முன்னால் கட்கியில் பக்கத்து லைனில் இருக்கும் ரிடையர்டு சுபேதார் ஒருவருக்கு போன் போட்டார். நலம் விசாரிக்காமல், உங்க பழைய பைனாகுலர் இன்னும் இருக்கா, வாடகைக்குத் தருவீங்களா, விலைக்கே குடுத்துடுவீங்களா என்று மராத்தியில் பேரம் பேச ஆரம்பித்தார்.